பக்கத்து தோப்பையும் சேர்த்து அளக்கணும்: ஊர் ஊரா பிரிச்சு ஃபீல்டு சோதனை போடறது எப்படி

கிருஷ்ணகிரி மாவட்டத்து காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புல பழ ஈ பொறி கட்டினா எவ்ளோ காய் தப்பிக்குதுன்னு பாக்கணும்னு வச்சுக்கோங்க. வழக்கமா என்ன செய்வாங்கன்னா, ஒரு ஊர்ல பத்து தோப்புக்கு பொறி கட்டுவாங்க, அதே ஊர்ல இன்னொரு பத்து தோப்ப சும்மா விடுவாங்க, சீசன் முடிஞ்சதும் இதுல சொத்த எவ்ளோ அதுல சொத்த எவ்ளோன்னு கழிச்சு பொறியோட பலன் இவ்ளோதான்னு ரிப்போர்ட் எழுதிடுவாங்க. இந்த கழித்தல் தப்பு. ஈக்கு வேலி தெரியாது.

பொறில வைக்கற மீத்தைல் யூஜினால்ங்கற வாசனைப் பொருள் ஆண் ஈயத்தான் இழுக்கும். ஆண் ஈ குறைஞ்சா பொட்ட ஈ சேர ஆள் இல்லாம அடுத்த தலைமுறை சுருங்கும், அதான் அது வேலை செய்யற விதம். ஆனா ஒருத்தர் மட்டும் கட்டினா, பக்கத்து தோப்புல ஏற்கனவே சேர்ந்த பொட்ட ஈ பறந்து வந்து இவர் காயில முட்டை வச்சிட்டு போயிடும், இவரும் பொறி கட்டி பிரயோஜனம் இல்லன்னு அடுத்த வருசம் விட்டுடுவாரு. பசிபிக் கடல்ல ரோட்டான்னு ஒரு சின்ன தீவு, அங்க 1960-கள்ல இந்த மீத்தைல் யூஜினாலையும் பூச்சிமருந்தையும் ஊற வச்ச அட்டைத்துண்டுகள விமானத்துல இருந்து தீவு முழுக்க போட்டு பழ ஈய அடியோட ஒழிச்சாங்க, முழுசா போட்டதாலதான் அது நடந்துச்சு. அதனால நம்ம கேக்க வேண்டிய கேள்வி பொறிக்கு பலன் இருக்கா இல்லையான்னு மட்டும் இல்ல, ஊர்ல எத்தன பேர் கட்டினா கட்டினவருக்கு எவ்ளோ, கட்டாதவருக்கு எவ்ளோங்கறதும்தான். கட்டாதவருக்கு போற பலன ஸ்பில்ஓவர்னு சொல்வாங்க, நான் பக்கத்து பலன்னும் எழுதறேன். அது எப்பவும் நல்லதா இருக்கணும்னும் இல்ல, வாசனைக்கு வர்ற ஆண் ஈ வழியில இருக்கற தோப்புல தங்கி அங்க பொட்ட ஈயோட சேர்ந்துட்டா பக்கத்துக்காரருக்கு நஷ்டம் ஏறலாம்.

அக்ரி காலேஜ்ல படிச்சவங்களுக்கு பார்டர் ரோ தெரியும், ஓர வரிசைய மகசூல் கணக்குல சேக்க மாட்டோம், பக்கத்து பிளாட்ல போட்டது இங்க வந்திருக்கும்னுதான். அங்க கசியறத ஒதுக்கிட்டு கணக்கு போடறோம், இங்க கசியறதுக்கே தனியா ஒரு நம்பர் வேணும். அதுக்கு டிசைன் வேற மாதிரி போடணும்.

முதல்ல எத எத அளக்கப்போறோம்னு எழுதிடுங்க. இப்ப சொல்ற நம்பர் எல்லாம் விளக்கறதுக்காக நானே வச்சது. பொறியே இல்லாத ஊர்ல 100 காயில 30 சொத்த. மூணுல ஒரு பங்கு தோப்புல கட்டின ஊர்ல, கட்டினவருக்கு 22, கட்டாதவருக்கு 27. மூணுல ரெண்டு பங்கு கட்டின ஊர்ல, கட்டினவருக்கு 12, கட்டாதவருக்கு 18. ஊருக்குள்ளயே கழிச்சு பாத்தா முதல் வகைல வித்தியாசம் 5, ரெண்டாவது வகைல 6, அப்ப எத்தன பேர் கட்டினாலும் ஒண்ணுதான்னு தோணும். ஆனா பொறியே இல்லாத ஊரோட ஒப்பிட்டு பாருங்க, நெறைய பேர் கட்டின ஊர்ல கட்டினவருக்கு 18 குறைஞ்சிருக்கு, ஒரு ரூபா செலவு பண்ணாத பக்கத்துக்காரருக்கே 12 குறைஞ்சிருக்கு. கம்மியா கட்டின ஊர்ல அதே நம்பர் 8-உம் 3-உம். ஊர் மொத்தத்துக்கும் சராசரி எடுத்தா குறைவு ஒண்ணுல சுமாரா 5, இன்னொண்ணுல 16. மானியம் யாருக்கு எத்தன பேருக்கு குடுக்கணும்னு முடிவு பண்ற அதிகாரிக்கு இந்த கடைசி நம்பர்தான் வேணும், ஊருக்குள்ள கழிக்கற சோதனை அத தரவே தராது. பக்கத்து பலன் கெடுதலா இருந்தா தப்பு எதிர் திசைல போகும், கட்டினவருக்கு 26, கட்டாதவருக்கு 33-ன்னு வந்தா வித்தியாசம் 7-ன்னு பெருசா தெரியும், உண்மைல குறைஞ்சது 4, மிச்ச 3 பக்கத்துக்காரர் தலைல ஏத்தினது.

அதனால மூணு வகை தோப்பு வேணும்: கட்டினது, அதே ஊர்ல கட்டாதது, யாருமே கட்டாத ஊர்ல இருக்கறது. மூணாவது வகைய சுத்த கண்ட்ரோல்னு சொல்வாங்க, காசு மிச்சம் பண்ணணும்னு வந்தா எல்லாரும் முதல்ல வெட்டறது இததான், தயவுசெஞ்சு வெட்டாதீங்க, அது இல்லன்னா பக்கத்து பலன் கணக்கே கிடையாது.

இதுக்கு ரெண்டு கட்டமா குலுக்கணும். முதல் குலுக்கல்ல ஊருக்கு சாச்சுரேஷன், அதாவது எத்தன பங்கு தோப்புக்கு பொறிங்கறது, ரெண்டாவது குலுக்கல்ல அந்த ஊருக்குள்ள எந்த தோப்புன்னு. பிரான்ஸ்ல வேலை தேடற பசங்களுக்கு உதவி செஞ்ச ஒரு சோதனைல 235 வட்டாரத்த எடுத்து 0, 25, 50, 75, 100 சதவீதம்னு குலுக்கினாங்க, 2013-ல பேப்பர் வந்துச்சு, உதவி கிடைச்சவங்களுக்கு வேலை கிடைச்சதுல ஒரு பகுதி உதவி கிடைக்காதவங்க வாய்ப்ப தட்டிப் பறிச்சதுன்னு அதுலதான் தெரிஞ்சுது. நம்ம பக்கத்துலயே ஆந்திராவுல தனியார் ஸ்கூலுக்கு உதவித்தொகை குடுத்து பாத்த சோதனை 180 கிராமத்துல இதே மாதிரி ரெண்டு கட்டமா நடந்துச்சு, 2015-ல வந்த பேப்பர். கென்யாவுல 653 கிராமத்துல பணம் குடுத்த சோதனைல, சில பகுதில மூணுல ரெண்டு பங்கு கிராமத்துக்கும் சில பகுதில மூணுல ஒரு பங்கு கிராமத்துக்கும் குடுத்தாங்க. எத்தன லெவல் வைக்கலாம்னா, ஆசைப்பட்டு அஞ்சு வச்சா ஒவ்வொரு லெவலுக்கும் ஊர் பத்தாது. என் கருத்து, 60 ஊர் கிடைச்சா மூணு லெவல்: 0, மூணுல ஒண்ணு, மூணுல ரெண்டு, ஒவ்வொண்ணுக்கும் 20 ஊர். 30 ஊர்தான் முடியும்னா பாதி ஊர் சுத்த கண்ட்ரோல், பாதி ஊர்ல 50 சதவீதம், அதோட நிறுத்திக்கோங்க, ஏற ஏற பலன் எப்படி மாறுதுன்னு தெரியாது, ஆனா பக்கத்து பலன் இருக்கான்னாவது பாக்கலாம்.

இதுவரைக்கும் ஊர்னு சொன்ன, முதல் குலுக்கல்ல ஒண்ணா விழற தோப்புக்கூட்டத்த கிளஸ்டர்னு சொல்வாங்க, கிளஸ்டர்னா பஞ்சாயத்துதான்னு உடனே முடிவு பண்ணாதீங்க. நம்ம பக்கம் ஒரு பஞ்சாயத்துல பல குக்கிராமம் இருக்கும், தோப்பு ஒரு பஞ்சாயத்துல ஆரம்பிச்சு அடுத்த பஞ்சாயத்துல முடியும். சேட்டிலைட் படத்த தொறந்து தோப்புக்கூட்டமா வட்டம் போடுங்க, நடுவுல ஏரி, பாறக்குன்று, கேவுரு கொல்லை, ஹைவேன்னு எது பிரிக்குதோ அத எல்லையா வைங்க. அப்புறம் கொய்யாத்தோப்பும் வீட்டு கொல்லப்புற கொய்யா மரமும் எங்கன்னு குறிச்சுக்கணும், மாங்கா இல்லாத காலத்துல ஈ அதுலயும் பெருகும். ரெண்டு கிளஸ்டர் ஒட்டி இருந்தா ஒண்ண விட்டுடறது நல்லது. ஈ கிலோமீட்டர் கணக்குல பறக்கக்கூடியதுன்னால முழுசா பிரிக்க முடியாது, அதுக்கு ஒரு வழி இருக்கு, ஃப்ரைட் எக் டிசைன்னு பேரு, நம்ம ஆஃபாயில் மாதிரி: குலுக்கல் கிளஸ்டர் முழுக்க நடக்கும், காய் சாம்பிள் மட்டும் நடு மஞ்சள்ல இருக்கற தோப்புல எடுப்போம், வெள்ளைப் பகுதி தடுப்பா நிக்கும். அப்பவும் கொஞ்சம் கண்ட்ரோல் ஊருக்கு கசிஞ்சா, அதே திசைல கசியற வரைக்கும் நம்ம நம்பர் உண்மைய விட சின்னதாதான் வரும், அத ரிப்போர்ட்ல சொல்லிடுங்க.

குலுக்கறதுக்கு முன்னாடி லிஸ்ட் முடிஞ்சிருக்கணும், இத எவ்ளோ அழுத்தி சொன்னாலும் பத்தாது. ஒவ்வொரு கிளஸ்டர்லயும் எல்லா தோப்பும், ஏக்கர், மரம் எத்தன, ரகம் பெங்களூராவா நீலமா செந்தூராவா, தண்ணி வசதி, போன வருசம் சொத்த எவ்ளோ, ஜிபிஎஸ். சொந்தக்காரர் பெங்களூர்ல இருக்காரு, தோப்புல ஆளே இல்லன்னா கூட லிஸ்ட்ல வரணும், அந்த தோப்புலதான் விழுந்த காய் பொறுக்காம அழுகி புழு எல்லாம் மண்ணுல கூட்டுப்புழுவாகி அடுத்த படை கிளம்பும். இன்னொண்ணு, ஈக்கு தோப்பு எண்ணிக்க தெரியாது, மரந்தான் தெரியும். 15 தோப்புல 5-க்கு கட்டினா மூணுல ஒண்ணுதான், ஆனா அந்த அஞ்சுல பத்து ஏக்கர்காரர் ஒருத்தர் விழுந்துட்டா ஊர் மரத்துல பாதி வந்துடும். அதனால ஊருக்குள்ள குலுக்கும்போது பெரிய தோப்பு தனி, சின்ன தோப்பு தனின்னு பிரிச்சு குலுக்குங்க. ஊர் குலுக்கல்ல, ஒன்றியத்துக்குள்ளயே போன வருச சொத்த அளவ வச்சு வரிசைப்படுத்தி மூணு மூணு ஊரா கட்டி, ஒவ்வொரு மூணுலயும் ஒரு ஊர் 0, ஒரு ஊர் மூணுல ஒண்ணு, ஒரு ஊர் மூணுல ரெண்டுன்னு விழற மாதிரி பண்ணா, காவேரிப்பட்டணம் ஊரெல்லாம் ஒரு பக்கமும் மத்தூர் ஊரெல்லாம் ஒரு பக்கமும் போய் விழாது. கம்ப்யூட்டர்ல குலுக்கினா, குலுக்கல ஆரம்பிச்சு வைக்கற நம்பர (சீட், seed) எழுதி வைங்க, யார் திரும்ப ஓட்டினாலும் அதே லிஸ்ட் வரணும்.

ஊருக்குள்ள குலுக்கல மட்டும் முடிஞ்சா எல்லார் முன்னாடியும் சீட்டு எடுத்து பண்ணுங்க. "ஏம்பா, அவன் தோப்புக்கு மட்டும் கட்டறீங்க, நாங்க என்ன பாவம் பண்ணோம்?"னு பெரியவர் ஒருத்தர் கண்டிப்பா கேப்பாரு. "சீட்டுல வந்ததுங்க, அடுத்த சீசன்ல உங்க தோப்புக்கும் வரும்ங்க"ன்னு சொல்ல முடியணும், சொன்னத செய்யணும். ஒரு சிக்கல், அடுத்த வருசம் இலவசமா வரும்னு தெரிஞ்சா இந்த வருசம் சொந்தமா வாங்க இருந்தவரு நிறுத்திடுவாரு, அதுவும் சோதனைய மாத்தும், அதனால எல்லா வகை ஊர்லயும் ஒரே வார்த்தைல ஒரே சேதி சொல்லுங்க, யார் சொந்தமா வாங்கினாங்கன்னு குறிச்சுக்கோங்க. தோட்டக்கலை துறைல இந்த சீசன்ல மானியத்துல பொறி குடுக்கற திட்டம் இருக்கான்னு முன்னாடியே போய் விசாரிக்கணும், இல்லன்னா நம்ம சுத்த கண்ட்ரோல் ஊருக்கு அவங்க லாரி போய் நிக்கும். வேப்பனப்பள்ளி, தளி பக்கம் போனா கேள்வித்தாள் தெலுங்குலயும் கன்னடத்துலயும் இருக்கணும், தமிழ்ல கேட்டா தலையாட்டுவாங்க, பதில் வராது.

இப்ப குத்தகை விசயம், நம்ம ஊருக்கே உரிய சிக்கல் இது. நெறைய தோப்பு பூ எடுக்கறப்பவே வியாபாரி கைக்கு போயிடும், மருந்து அடிக்கறதும் காவல் வைக்கறதும் காய் பறிக்கறதும் அவர்தான், தோப்புக்காரரு காச வாங்கிட்டு ஒதுங்கிடுவாரு. நீங்க தோப்புக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கி பொறி கட்டிட்டு வருவீங்க, ஒரே வியாபாரி நாலு ஊர்ல தோப்பு எடுத்திருப்பாரு, இங்க கட்டின பொறில பாதிய கழட்டிட்டு போய் சொத்த அதிகமா இருக்கற இன்னொரு ஊர் தோப்புல கட்டிடுவாரு, அவர் பார்வைல அது நியாயம்தான். ஈ பறக்காமலே ஸ்பில்ஓவர் பைக்ல ஏறி போயிடும். அதனால லிஸ்ட் எடுக்கும்போதே யார் குத்தகைன்னு எழுதுங்க, சம்மதம் ரெண்டு பேர்கிட்டயும் வாங்குங்க, ஒரே வியாபாரி தோப்பு ரெண்டு கிளஸ்டர்ல இருந்தா அத தனியா குறிங்க, முடிஞ்சா அந்த ரெண்டு கிளஸ்டரையும் ஒரே கிளஸ்டரா சேத்துடுங்க. பொறில நம்பர் ஒட்டி ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போய் எண்ணணும்.

அளக்கறதுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு. பொறில விழுந்த ஈய எண்ணி அதயே ரிசல்ட்டா வைக்கக்கூடாது. கண்ட்ரோல் தோப்புல பொறியே இல்ல, ஒப்பிட அங்கயும் ஒண்ணு வச்சா அதுவே ஈய கொல்ல ஆரம்பிச்சிடும், அளக்கப்போன கருவியே மருந்தா மாறிடும். காயத்தான் பாக்கணும். எந்த மரம், மரத்துல எந்த பக்கம், எத்தன காய்னு முன்னாடியே விதி எழுதி, தோப்புக்கு 50 காய்னு பறிச்சு, பைல கோட் மட்டும் போட்டு, எந்த ஊர் எந்த தோப்புன்னு தெரியாத ஆள்கிட்ட குடுங்க. முட்டை வச்ச காய் வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும், அதனால அடில மணல் போட்ட டப்பால சில நாள் வச்சிருந்து புழு வருதான்னு பாத்து எண்ணணும். நீலம் கடைசில வர்ற ரகம், அதுக்குள்ள ஈ பெருகிடும், பெங்களூரா மாங்கூழ் எடுக்கற பல்ப் ஃபேக்டரிக்கு காயாவே போறது, ரெண்டையும் கலந்து சராசரி எடுக்காம ரக வாரியா பதிவு பண்ணுங்க.

எத்தன தோப்பு வேணும்ங்கற கணக்குக்கு வருவோம். ஒரே ஊர் தோப்பெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகும், அந்த ஒற்றுமைய ஐசிசின்னு சொல்றாங்க. ஒரு ஊர்ல 15 தோப்பு, ஐசிசி 0.2-ன்னு வச்சா டிசைன் எஃபெக்ட், அதாவது அந்த ஒற்றுமையால எத்தன மடங்கு அதிகமா அளக்கணும்ங்கறது, 1 + 14 × 0.2 = 3.8. 60 ஊர்ல 900 தோப்பு அளந்தாலும் தனித்தனி தோப்பா பாத்தா 237 தோப்பு அளந்ததுக்குத்தான் சமம். சரி ஊருக்கு 30 தோப்பா ஏத்தலாம்னா 1,800 தோப்பு அளந்து கிடைக்கறது 265. அதே 1,800 தோப்ப 120 ஊர்ல எடுத்தா 474. ஊர்தான் பலம், ஊருக்குள்ள தோப்ப ஏத்தறது வீண் செலவு.

பக்கத்து பலன் இன்னும் செலவு கேக்கும். மேல சொன்ன 60 ஊர் டிசைன்ல, அதிகமா கட்டின ஊருக்குள்ள கட்டினவரையும் கட்டாதவரையும் ஒப்பிட்டா 80 சதவீத பவர்ல (உண்மைலயே இருக்கற வித்தியாசம் நூத்துக்கு 80 தடவை நம்ம கண்ல படும்) சுமாரா 0.31 ஸ்டேண்டர்ட் டீவியேஷன் (தோப்புக்கு தோப்பு சொத்த எவ்ளோ ஏறி இறங்குதுங்கற அளவு) வித்தியாசத்த பிடிக்கலாம், ஏன்னா ஊரோட ஏத்த இறக்கம் ரெண்டு பக்கமும் கழிஞ்சுடும். ஆனா அதே ஊர்ல கட்டாத 5 தோப்ப சுத்த கண்ட்ரோல் ஊரோட ஒப்பிட்டா 0.49 இருந்தாத்தான் தெரியும். சொத்த சதவீதத்தோட ஸ்டேண்டர்ட் டீவியேஷன் 20-ன்னா முதலாவது 6 பாயிண்ட், ரெண்டாவது 10 பாயிண்ட். முன்னாடி சொன்ன உதாரணத்துல 12-ங்கற பக்கத்து பலன் மாட்டும், கம்மியா கட்டின ஊர்ல வந்த 3 மாட்டவே மாட்டாது. அங்க வித்தியாசம் தெரியலன்னா பக்கத்து பலன் இல்லன்னு எழுதிடக்கூடாது, நம்ம வலைக்கு அது சின்ன மீன், அவ்ளோதான். போன சீசன் சொத்த அளவ பேஸ்லைனா சேத்தா கொஞ்சம் இறங்கும், அதனால ஒரு சீசன் முன்னாடியே ஆரம்பிக்க முடிஞ்சா ஆரம்பிங்க.

டேட்டா வந்ததும் செய்யறது கஷ்டமில்ல. ரிக்ரஷன் கணக்குல நாலு டம்மி, அதாவது அந்த வகைன்னா 1 இல்லன்னா 0: கம்மி ஊர் கட்டினது, கம்மி ஊர் கட்டாதது, அதிக ஊர் கட்டினது, அதிக ஊர் கட்டாதது, சுத்த கண்ட்ரோல் அடிப்படை. மூணு மூணா கட்டின ஊர்க்கூட்டத்துக்கு டம்மி, பேஸ்லைன், ஸ்டேண்டர்ட் எரர் (நம்பர் எவ்ளோ தப்பலாம்ங்கற அளவு) கிளஸ்டர் லெவல்ல. ஊர் மொத்த சராசரி சொல்லும்போது பெரிய தோப்பு, சின்ன தோப்பு வாய்ப்பு வேறன்னா அதுக்கு ஏத்த வெயிட் போடணும். கட்டச்சொல்லி கட்டாம விட்டவரையும், கண்ட்ரோல்ல இருந்துட்டு சொந்தமா வாங்கி கட்டினவரையும் சீட்டுல எப்படி விழுந்தாங்களோ அப்படியே வைங்க, தூக்கிப்போட்டா குலுக்கினதுக்கே அர்த்தம் போயிடும். ஊர் கம்மின்னா ரேண்டமைசேஷன் இன்ஃபரன்ஸும், அதாவது கம்ப்யூட்டர்ல பல தடவை மறுபடி குலுக்கி நம்ம ரிசல்ட் தற்செயலா வரக்கூடியதான்னு பாக்கறதும், ஓட்டிப் பாருங்க.

தூரத்த வச்சும் பாக்கலாம், ஒவ்வொரு தோப்ப சுத்தி 500 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்குள்ள பொறி கட்டின மரம் எத்தனன்னு எண்ணி. ஆனா கூடவே அந்த வட்டத்துல மொத்த மரம் எத்தனங்கறதயும் சேக்கணும், மொத்தம் எங்க அதிகம்ங்கறது குலுக்கல்ல வந்தது இல்ல, அதுல எத்தனைக்கு பொறிங்கறதுதான் குலுக்கல்ல வந்தது. கென்யாவுல 75 பள்ளிக்கூடத்துல குடற்புழு மருந்து குடுத்த சோதனை, 2004-ல வந்தது, இந்த முறையத்தான் பிரபலமாக்குச்சு. அதுலயே அப்புறம் மறுபடி கணக்கு போட்டப்ப கோடிங் தப்பு வெளிய வந்து, 3 முதல் 6 கிலோமீட்டர் தூரத்துக்கு சொன்ன பலன் நிக்கல, கிட்ட இருந்த பலன் நின்னுச்சு. அதனால எந்தெந்த வட்டம், எந்த கணக்குன்னு முன்னாடியே எழுதி அமெரிக்க பொருளாதார சங்கத்தோட ஏஇஏ ரெஜிஸ்ட்ரி மாதிரி ஒரு இடத்துல பதிவு பண்ணிட்டு, கோடையும் இன்னொருத்தர் கைல குடுத்து ஓட்டச்சொல்லுங்க.

இந்த டிசைன் பிடிக்காத ஒண்ணும் இருக்கு, விலை. பொறி கட்டின ஊர்ல எல்லாம் நல்ல காய் வந்தா மண்டில வரத்து ஏறி விலை இறங்கும், அது பொறி கட்டாத ஊர்க்காரரையும் சேத்தே அடிக்கும், ஏன்னா எல்லாரும் போறது அதே மண்டி, அதே பல்ப் ஃபேக்டரி. சுத்த கண்ட்ரோல் ஊரும் அங்க சுத்தம் இல்ல. வருமானத்த அளக்கணும்னா கிளஸ்டர் ஊரா இருக்க முடியாது, ஒரு மண்டிக்கு காய் போற பகுதி முழுசும் ஒரு கிளஸ்டரா இருக்கணும், நம்ம பக்கத்துல அத்தன மண்டி கிடையாது. அதனால சொத்த சதவீதம், ஏக்கருக்கு விக்கக்கூடிய காய் எவ்ளோங்கறதோட நிறுத்திட்டு, விலைய பத்தி பெருசா பேசாம விடறது நேர்மை.

வேலை வரிசைன்னு பாத்தா, மழை முடியறதுக்குள்ள லிஸ்டும் ஜிபிஎஸ்ஸும், பூ வந்து வியாபாரி தோப்பு பேச ஆரம்பிக்கறதுக்குள்ள ரெண்டு குலுக்கலும், பிஞ்சு பெருக்கும்போது பொறி, அப்புறம் அறுவடை முடியற வரைக்கும் காய் சாம்பிள். முடிஞ்சதும் கண்ட்ரோல் ஊர்லயும் ஒரு கூட்டம் போட்டு அவங்க தோப்பு நம்பர அவங்ககிட்ட காட்டி, சொன்னபடி பொறிய அடுத்த பூவுக்கு முன்னாடி கைல குடுத்துடுங்க.